தலை தீபாவளிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

கூச்சப்படுகிற மனிதனைப் பார்த்தால் ஊரில் எல்லோரும் சாது என்று சொல்லுவார்கள். அது சுத்தப் பொய். சுற்றி இருப்பவர்களுக்கு அவனைப் போலத் தொல்லை கொடுக்கிறவன் வேறு யாரும் கிடையாது. இரண்டு வார்த்தை பேசினால் முடிந்துபோகிற காரியத்தை அவன் பேசாமல் முடிக்கப் பார்ப்பான். அதற்காக மலையைக்கூடப் பெயர்ப்பான். நான் மலையைப் பெயர்க்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரைப் பெயர்த்தேன்.

நான் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பாத்தி எல்லாம் ஏரியாகிவிடும். தை பிறந்து, தண்ணீர் வடிந்து, மறுபடி சேறு மிதித்துப் பாத்தி கட்டும் வரை எங்களுக்கு வேலை இல்லை. அந்த நாட்களில் மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து பஸ் ஓட்டுவேன்.

பஸ் என்றால் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற பஸ். மரக்காணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது வாங்கிய பழைய கம்ப்யூட்டர். அதற்கு ஒரு ஸ்டியரிங், கீழே மிதிக்க ஆக்சிலேட்டர், பிரேக். ஸ்டியரிங் அந்தக் கம்ப்யூட்டரை விட மூத்தது. பாண்டிச்சேரியில் ஒரு வீடியோ கேம் கடைக்காரர் தூக்கிப்போட இருந்ததை வாங்கி வந்தேன். ஸ்டாப்பில் நிறுத்தினால் ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். ஒருவரும் நம்மிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். (அதுதான் அந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது.)

இப்படி நிம்மதியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் வாழ்க்கையில், என் மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம் ஆயிற்று.

மாப்பிள்ளை பெயர் சதீஷ். கிளியனூர்க்காரர். திண்டிவனத்தில் ஒரு பைக் ஷோரூமில் மெக்கானிக். எனக்கு அவரை ரொம்பவும் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை. பெண் பார்க்க வந்த அன்று, “சாப்டீங்களா?” என்று கேட்டேன். நிச்சயதார்த்தத்தில், “சாப்டீங்களா?” என்று கேட்டேன். கல்யாணத்தில் பந்திக்குப் போய், இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவரிடமே குனிந்து, “சாப்டீங்களா?” என்று கேட்டேன். அவர் பாவம், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, “சாப்டறேன் மாமா” என்றார். அவரும் என்னைப் போலப் பேசாத ஆள்தான். எங்களுக்குள் நடந்த மொத்த உரையாடல் அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் அம்மா, அதாவது எங்கள் சம்பந்தியம்மா, நேர் எதிர். கணவர் இல்லாமல் தனியாகவே பிள்ளையை வளர்த்தவர். மனதில் பட்டதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். கல்யாணம் முடிந்ததும் அவர் மனதில் பட்டது, எனக்கு அவர் பிள்ளையைப் பிடிக்கவில்லை என்பது.

தீபாவளிக்கு முந்தின மாதம் சுகன்யா போன் செய்தாள்.

“அப்பா, தலை தீபாவளிக்கு மொத நாளே வந்துடுவோம். அத்தை மட்டும் தீபாவளி அன்னிக்கு மதியானம் சாப்பாட்டுக்கு வருவாங்க. அம்மா கூப்ட்டிருக்குது.”

“சரிம்மா.”

“சரிம்மான்னு வெச்சிடாத. அத்தை இன்னும் அதையேதான் சொல்லிட்டு இருக்காங்க. ‘ஒங்கப்பன் மூடி வெச்ச சட்டி மாரி மூஞ்ச வெச்சிருந்தாரு, என் புள்ளகிட்ட ஒரு வார்த்த பேசல, எங்கள புடிக்காமதான் பொண்ணு குடுத்தாரு’ன்னு. சின்னதா ஒரு சண்ட வந்தாலும் மொதல்ல அதான் வருது. எனக்கு கேட்டுக் கேட்டு அழுவையா வருதுப்பா.”

“எனக்கு புடிச்சிருக்குதும்மா.”

“என்கிட்ட சொல்லி என்னா பிரயோஜனம்? இவருகிட்ட பேசு. அத்தை எதிர்ல பேசு.”

“என்னான்னு பேசறது?”

“எதையாவது. இவரு லீவு நாள்ல ஃப்ரெண்டு வூட்டுக்குப் போயி கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் வெளயாடுவாரு. அதப்பத்தி கேளேன்.”

போனை வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மகள், அதைப் பற்றிப் பேசச் சொன்னாள். எனக்கோ அதைவிட நல்ல வழி தெரிந்துவிட்டது. எதற்குப் பேச வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து விளையாடிவிட்டால் போதுமே. திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு இரண்டு பேர் ஓட்டுகிற கார் ரேஸ் இருக்கிறது. சம்பந்தியம்மா உள்ளே வரும்போது மாமனாரும் மாப்பிள்ளையும் தோளோடு தோள் உரசிக்கொண்டு கார் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

ஒரே சிக்கல், அந்த ரேஸ் என் கம்ப்யூட்டரில் ஓடாது. போட்டுப் பார்த்தேன். கார் நகர்வதற்குள் நான் ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடித்துவிட்டேன். உள்ளே இருக்கும் போர்டு, கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஆனால் ஸ்டியரிங்கை விட எனக்கு மனமில்லை. மாப்பிள்ளைக்கு ஜாய்ஸ்டிக், எனக்கு ஸ்டியரிங். அது இல்லாவிட்டால் எனக்கு ஓட்ட வராது.

ஸ்டியரிங்கின் ஒயர் முனையில் ஒரு அகலமான பிளக் உண்டு. இரண்டு வரிசையாக ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் தெரியாத பொருளைக் கடையில் போய்க் கேட்க வெட்கம். அதனால் மொத்த ஸ்டியரிங்கையே யூரியா சாக்கில் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினேன். வட்டமாக மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

“என்னாங்க மூட்டையில?” என்றார் கண்டக்டர்.

“ஸ்டியரிங்.”

“எந்த வண்டிது?”

“வண்டிது இல்லீங்க. கம்ப்யூட்டர்து.”

கண்டக்டர் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பி, “அண்ணே, ஸ்பேர் ஸ்டியரிங் ஒண்ணு ஏறியிருக்குது. ஒன்னுது கழண்டுகிச்சின்னா சொல்லு, குடுத்து அனுப்பறேன்” என்று கத்தினார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட் அம்மா தன் குழந்தையைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்துவிட்டார். அது சாக்கைப் பிரித்து ஸ்டியரிங்கை வெளியே இழுத்து, பொம்மையார்பாளையம் தாண்டும் வரை பஸ்ஸை ஓட்டியது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டே போனேன்.

பாண்டிச்சேரியில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடைக்காரர், பிளக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அண்ணே, இந்த மாரி ஓட்டை வெச்ச போர்டு வர்றது நின்னு பல வருசம் ஆவுது. ஒரு கன்வெர்ட்டர் போடணும். மானிட்டர் எது?”

“பழசுதான்.”

“நீலக் கலர் பிளக்கா? புது கார்டுல அது கெடையாது. அதுக்கும் ஒரு கன்வெர்ட்டர். கீபோர்டு?”

“பழசுதான்.”

“கேபினெட்டு?”

“பழசுதான்.”

“கரண்டு குடுக்கற எஸ்எம்பிஎஸ் டப்பா?”

“அதுவும் பழசுதான்.”

அவர் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். “அப்ப ஒங்க வூட்டுல புதுசு எதுண்ணே?”

“மாப்ள” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவர் சிரித்ததில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவரே பொறுமையாக எடுத்துக் கொடுத்தார். பழையதோடு ஒட்டுகிற மாதிரி ஒரு போர்டு, அதற்குத் தகுந்த கிராபிக்ஸ் கார்டு, விதவிதமாகக் கன்வெர்ட்டர்கள். கிளம்பும்போது, “எஸ்எம்பிஎஸ்ஸ மட்டும் மாத்திடுங்கண்ணே. அப்புறம் நீங்க இருக்கறது உப்பளத்து ஓரம். ஈரம் படாம பாத்துக்கங்க. ஈரம்தான் இதுக்கு எமன்” என்றார். நான் தலையை ஆட்டினேன். முதலில் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டேன். இரண்டாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதைத்தான் விட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் புது கார்டு செங்கல் நீளம் இருந்தது. பழைய கேபினெட்டில் நுழையவில்லை. உள்ளே குறுக்கே நின்ற தகட்டை ஆக்சா பிளேடால் அறுத்தேன். கார்டு நுழைந்தது. ஆனால் அதற்குக் கரண்டு கொடுக்கிற கன்வெர்ட்டர் வெளியே துருத்தியதால் பக்கத்து மூடி மூடவில்லை. மூடியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, டிவி வந்த அட்டைப் பெட்டியில் ஒரு துண்டை வெட்டிச் சாத்தினேன். என் மனைவி அம்சா பின்பக்கம் தொங்கிய கன்வெர்ட்டர்களைப் பார்த்துவிட்டு, “நண்டு மாட்டுன வலையாட்டம் இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குக் கவலை அட்டை மேல்தான். அட்டை ஈரத்தைத் தடுக்குமா? எங்கள் ஊர்க் காற்றில் சைக்கிள் செயினே ஒரு மழைக்குத் தாங்காது. அப்படி யோசித்துக்கொண்டே கார்டு வந்த டப்பாவைக் கவிழ்த்தபோது, ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் விழுந்தது. தடவிப் பார்த்தால் உள்ளே மணி மணியாக ஏதோ இருந்தது. பிரித்தேன். வெள்ளையாக, பளபளவென்று.

உப்பு.

உப்புக்காரன் உப்பைக் கண்டால் என்ன செய்வான்? ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தேன். அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. கரிப்பே இல்லை.

“தெரியாததெல்லாம் வாயில வெக்கிறீங்களே, கொழந்தையா நீங்க?” என்று அம்சா அலறினாள். “துப்புங்க முதல்ல.”

“உப்புதான்டி. சாரம் எடுத்த உப்பு” என்றேன், நாக்கைத் துடைத்துக்கொண்டே.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கார்டு செய்கிற கம்பெனிக்காரனே ஈரத்தை இழுப்பதற்காகத்தான் உப்பை வைத்து அனுப்புகிறான். அதுவும் ஒரு சிட்டிகை, அதுவும் சாரமில்லாத உப்பு. பாவம், அவன் ஊரில் அவ்வளவுதான் கிடைத்திருக்கும். நமக்கு என்ன பஞ்சம்? கோடையில் வாரிய கல்லுப்பு, நல்ல கரிப்பு, சாக்கில் கட்டி வீட்டிலேயே இருக்கிறது. கல்யாணத்தில் மீந்த தாம்பூலப் பைகளைத் துண்டு துண்டாக வெட்டினேன். உப்பு மூட்டை தைக்கிற கோணி ஊசியாலேயே சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கை உப்பைப் போட்டு இறுக்கிக் கட்டினேன். கேபினெட்டின் மேல் கம்பியில், கார்டுக்கு நேர் மேலே, வரிசையாகத் தொங்கவிட்டேன். பார்க்க அழகாகவே இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள வேண்டும். மழை வருகிறது என்றால் உப்பு அம்பாரத்தின் மேல் தார்ப்பாய் போட முதல் ஆளாக ஓடுகிறவன் நான். ஈரக்காற்றில் உப்பு எப்படி வேர்க்கும், மூட்டைக்கு அடியில் எப்படிச் சொட்டும், தரையில் எப்படிக் குளம் கட்டும் என்று காலம் காலமாகப் பார்க்கிறவன். உப்பு ஈரத்தை இழுக்கும் என்று தெரிந்த எனக்கு, இழுத்ததை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. புதுப் பொருளைக் கண்டதும் பழைய புத்தி எங்கோ போய்விட்டது.

அன்று நல்ல வெயில். போட்டதும் கம்ப்யூட்டர் ஓடியது. கார் பறந்தது. ஸ்டியரிங் சொன்னபடி கேட்டது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் உடனே அதை அணைத்து, ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டேன். மாப்பிள்ளை வரும் வரை புதுசாகவே இருக்கட்டும் என்று அதன் பிறகு தொடவில்லை. மறுநாள் மழை பிடித்தது. தீபாவளி வரை விடவில்லை.

மகளும் மாப்பிள்ளையும் முதல் நாள் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். “வாங்க மாப்ள” என்றேன். “வந்தோம் மாமா” என்றார். அதன் பிறகு எங்களுக்குள் மழை மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. சுகன்யா என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். நான் அவளைப் பார்த்து, கொஞ்சம் பொறு என்பது போலத் தலையசைத்தேன்.

தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டாயிற்று. மதியம் வரை காத்திருந்தேன். சம்பந்தியம்மா ஆட்டோவில் வந்து இறங்குகிற சத்தம் கேட்டதும் மாப்பிள்ளையிடம் போனேன். ஒரு வாரமாக உப்பு மூட்டைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது.

“மாப்ள, ஒரு ரேஸ் போடலாமா?”

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துண்டை எடுத்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்து, “மாமா, எந்த கார்டு போட்டிருக்கீங்க?” என்றார். எங்கள் வீட்டில் அவர் கேட்ட முதல் கேள்வி. சேர்ந்து உட்கார்ந்தோம். ரேஸ் தொடங்கியது. முதல் வளைவில் அவர் என்னை இடித்துத் தள்ளினார். “இடிச்சிட்டீங்களே” என்றேன். “ஒதுங்கணும் மாமா” என்றார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சம்பந்தியம்மா வாசல்படியில் நின்று, குடையை மடக்க மறந்து, எங்களைப் பார்த்தார். சுகன்யா அவர் பின்னால் நின்று பூரித்துப்போனாள். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. ஒரு வளைவுதான் நீடித்தது.

முதலில் உள்ளேயிருந்து சொர்ர் என்று ஒரு சத்தம். அப்பளம் பொரிகிற மாதிரி. திரையில் பச்சைக் கோடுகள். “மாமா, ஏதோ தீயுது” என்று மாப்பிள்ளை எழுந்திருப்பதற்குள், பழைய எஸ்எம்பிஎஸ் டப்பா யானை வெடி போல வெடித்தது. வீட்டு ஃப்யூஸ் போய், ஃபேன் நின்றது, அடுப்படியில் வடைக்கு ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. அட்டைக்குப் பின்னாலிருந்து வெள்ளைப் புகை சாவகாசமாக வெளியே வந்தது.

“என்னாடி இது, வெடிய வூட்டுக்குள்ளயா வெக்கறாங்க?” என்றார் சம்பந்தியம்மா.

மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்கிவிட்டு அட்டையை நீக்கினார். மெக்கானிக் கை அல்லவா, நேராக உள்ளே போயிற்று. ஒரு பையைப் பிடித்து இழுத்தார். தாரை தாரையாகச் சொட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “மாமா, இது என்னா?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சம்பந்தியம்மா பார்த்துவிட்டார். எல்லோரும் பார்த்தோம். மஞ்சள் துணி. கறுப்பு நூலால் இறுக்கிய முடிச்சு. துணிமேல் சிவப்பு எழுத்தில், பிசிறில்லாமல், “சதீஷ்”. தாம்பூலப் பையில் மணமக்கள் பெயரை அச்சடிப்பார்கள் என்பது வெட்டும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

சம்பந்தியம்மா பையை வாங்கி முடிச்சைப் பிரித்தார். உப்பு. மாப்பிள்ளை அடுத்து உருவிய பையை எட்டிப் பார்த்தார். அதிலும் “சதீஷ்”.

“ஓ” என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. “என் புள்ள பேர எழுதி, மஞ்சத் துணியில உப்பக் கட்டி, அவன் ஒக்கார்ற எடத்துல யாரு கண்ணுக்கும் படாம தொங்க விட்டிருக்கீங்க. இதுக்கு எங்க ஊர்ல செய்வினைன்னு பேரு. இங்க என்னா பேருங்க?”

“ஐயோ, சம்பந்தி, சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது” என்றாள் அம்சா. (உதவி செய்கிறேன் என்று நினைத்து அவள் சொன்ன இந்த ஒரு வாக்கியம்தான் என்னை முழுவதுமாகக் குழியில் தள்ளியது.)

“புடிக்கலன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. எதுக்கு பொண்ண குடுத்துட்டு, என் புள்ளய முடக்கப் பாக்கறீங்க? டேய் சதீசு, எழுந்து வா. நாம கெளம்பலாம். நீ வர்றதுன்னா வா சுகன்யா, இல்லன்னா ஒங்கப்பன்கிட்டயே இரு.”

சுகன்யா என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இப்போதாவது பேசு என்று அவள் பார்வை சொன்னது. நான் வாயைத் திறந்தேன். இருந்த பதற்றத்தில், வாய்க்குப் பழக்கமானது எதுவோ அதுதான் வந்தது.

“சாப்டீங்களா?”

“சாப்புட வந்த எடத்துலதான இதப் பாக்கறேன்” என்றார் சம்பந்தியம்மா.

இனி வார்த்தை வராது என்று தெரிந்துவிட்டது. மந்திரித்த உப்பு இல்லை, வெறும் உப்பு என்று எப்படிக் காட்டுவது? அவர் கையில் இருந்த பையைப் பிடுங்கி, ஈர உப்பை ஒரு கை அள்ளி அப்படியே வாயில் போட்டு மென்றேன்.

கல்லுப்பைக் கை நிறைய மென்றவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். தொண்டை வரைக்கும் தீப்பிடித்தது. கூடவே கம்ப்யூட்டர் தூசியும், கருகிய வாடையும். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். செய்வினை வைத்தவன் தன் வினை தனக்கே திரும்பிச் சாகும்போது எப்படி இருப்பானோ, அப்படியே நின்றேன் என்று அம்சா பிற்பாடு சொன்னாள். சம்பந்தியம்மாவே பயந்துபோய், “ஏம்மா, தண்ணி எடுத்தாம்மா” என்று கத்தினார். அம்சா சொம்பைக் கொண்டுவந்து என் வாயில் கவிழ்த்தாள். முற்றத்தில் போய்த் துப்பினேன். திரும்பி வந்தபோது தொண்டையில் இருந்த அடைப்பு எதுவோ உப்போடு போய்விட்டிருந்தது.

“செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க” என்றேன். “ஈரம் படக்கூடாதுன்னு கட்டுனேன். கார்டு டப்பாவுலயே ஒரு பொட்டலம் இருந்திச்சு. நாக்குல வெச்சுப் பாத்தேன், உப்பு மாரி இருந்திச்சு. நம்மகிட்டதான் மூட்ட மூட்டையா இருக்குதேன்னு கட்டிட்டேன். அது கல்யாணப் பைங்க. மீந்து போச்சு.”

பேச ஆரம்பித்தாயிற்று. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

“எனக்கு பேச வராதுங்க. ஒங்க புள்ளகிட்ட பேச வேற வழி தெரியல. அவருக்கு ரேஸ் புடிக்கும்னு சுகன்யா சொல்லிச்சு. அதான் எல்லாத்தையும் மாத்துனேன். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எனக்கு அவர புடிச்சுப் போச்சு. கால் ஒடஞ்ச நாற்காலி ஒண்ணு இருந்திச்சு. தெரியாம அதுல ஒக்காந்துட்டாரு. ஆடுதுன்னு ஒரு வார்த்த சொல்லல. சொன்னா எங்களுக்கு அசிங்கமாயிடும்னு, கால தரையில ஊணிக்கிட்டு, தொங்கிக்கிட்டே கடைசி வரைக்கும் ஒக்காந்திருந்தாரு. அன்னிக்கு ராத்திரியே அம்சாகிட்ட சொன்னேன், இவருக்குத்தான் குடுக்கணும்னு.”

மாப்பிள்ளை கையில் சொட்டுகிற பையோடு என்னையே பார்த்தார்.

“நீங்க பாத்தீங்களா மாமா?”

“பாத்தேன்.”

“தொடை ரெண்டு நாளு வலிச்சுது” என்றார்.

அதைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் இருந்த பையைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் அதிகமானது. “அம்மா, மாமா சொல்றது நெசந்தான். பைக் பார்ட்ஸ் வர்ற டப்பாவுலயும் அந்தப் பொட்டலம் இருக்கும். ஆனா அது உப்பு இல்ல மாமா, சிலிக்கா ஜெல்லு. அத யாரும் நக்கிப் பாக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுகன்யாவும் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது.

சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக நாற்காலியை இழுத்தார். அசைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். “இந்த நாற்காலிக் கதைய அன்னிக்கே சொல்றதுக்கு என்னாங்க?” என்றார். “அஞ்சாறு மாசமா நான் இந்தப் பொண்ண போட்டு என்னென்னா பேசியிருக்கேன் தெரியுமா?” பிறகு சுகன்யாவைக் கிட்டே கூப்பிட்டு, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, “போ, வடைக்கு உரல்ல போட்டு ஆட்டு. பசிக்குது” என்றார்.

கார்டும் புது போர்டும் போய்விட்டன. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டு நானும் மாப்பிள்ளையும் சாக்கில் கட்டிப் போட்டிருந்த பழைய போர்டை எடுத்தோம். ஃப்யூஸ் போட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு பழைய டப்பாவை இரவல் வாங்கி, சாயங்காலத்துக்குள் பழைய கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பினோம். “அந்த ஸ்க்ரூவ குடுங்க”, “இத புடிங்க”, “அங்க இல்ல மாமா, இங்க” என்று ஓயாமல் பேசினோம். வேலை செய்யும்போது பேசுவது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. கார் ரேஸ் அதில் ஓடாது. ஆகவே பஸ் ஓட்டினோம். நான் ஸ்டியரிங், அவர் ஹாரன். சம்பந்தியம்மா பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது எங்க போற வண்டி?”

“தெரியலீங்க. வெளிநாடு” என்றேன்.

“கிளியனூர் கூட்ரோட்டுல நிக்குமா?”

“நிக்காது அத்தை, பாயிண்ட் டு பாயிண்ட்” என்றாள் சுகன்யா.

இப்போது சில வருடங்கள் ஆகிவிட்டன. அந்தக் கதையைச் சம்பந்தியம்மா சொல்லாத உறவுக்காரர் வட்டாரத்தில் யாரும் கிடையாது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நான் மென்ற உப்பின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. கடைசியாகக் கேட்டபோது அரைப்படி. வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால், “உப்பு எடுத்தாரட்டுமா?” என்று கேட்பார்கள். கேட்டால் போதும், பேசிவிடுவார்கள்.

போன மாதம் பேத்திக்குக் காது குத்து. கிளியனூரில் நல்ல கூட்டம். பந்தியில் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தங்களுக்கு நடுவே என்னை உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் தெரியாத முகங்கள். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். உப்பு வைத்துக்கொண்டு வந்த பையன் எல்லோருக்கும் ஒரு சிட்டிகை வைத்தபடி என் இலைக்கு வந்தான். பந்தியின் மறுகோடியிலிருந்து சம்பந்தியம்மா குரல் கொடுத்தார்.

“டேய், அவருக்கு ஒரு கை அள்ளி வெய்யிடா. இன்னிக்கு ஆளுங்க நெறைய பேரு, எல்லாருகிட்டயும் பேசணும்.”